கனடா மருமகனும் கட்டுக்கரைக்குளத்துத் தாராக்களும்

கேள்வி: ஐயா, கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவன் நான். பயிர்ப் பாதுகாப்புக்கென்று எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. வருடா வருடம் கச்சேரியில் லைசன்ஸைப் புதுப்பித்து வருகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவின் மகன் இந்த மார்கழி விடுமுறைக்கு வருகிறான். அங்கே முறையாக லைசன்ஸ் எடுத்து ஒவ்வொரு வருடமும் தாரா சுடப் போகிறவன். இங்கேயும் குளத்தில் ஒருநாள் சுட வேண்டும் என்று ஆசைப்படுகிறான். ஊரில் ஒருவர், கார்த்திகை முதல் மாசி வரை பறவை சுட 'சீசன் பெர்மிட்' உண்டு, 25,000 ரூபா தந்தால் எடுத்துத் தருகிறேன் என்கிறார். பாதிக் காசு கொடுத்துவிட்டேன். அந்தப் பெர்மிட் வந்தால் என் துவக்கை மருமகன் பாவிக்கலாமா? அதுதான் முடியாதென்றால், விதைநெல்லைத் தின்ன வரும் பறவைகளையாவது நான் சுடலாமா?
— மன்னார் மாவட்ட வாசகர்

பதில்: ஐயா, முதல் வேலையாக மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள். அப்படியொரு பெர்மிட் இலங்கையில் இல்லை. மன்னாரிலும் இல்லை, முல்லைத்தீவிலும் இல்லை, பத்தரமுல்லையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாலும் இல்லை. பொழுதுபோக்குக்காகப் பறவை சுடுவதற்கு இந்த நாட்டில் இன்று சீசனும் கிடையாது, கட்டணமும் கிடையாது, விண்ணப்பப் படிவமும் கிடையாது.

உங்களை ஏமாற்றியவர் சொன்ன கதை உங்களுக்கு நம்பும்படியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் உள்ளான் சுடுவதும் தாரா சுடுவதும் துரைமாரின் பொழுதுபோக்கு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவர பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தபோதும் வேட்டைக்கு லைசன்ஸ், சுடக்கூடாத மாதங்கள் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. கச்சேரியில் காசு கட்டி லைசன்ஸ் எடுத்த கதையை வன்னியில் வயதானவர்கள் இப்போதும் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

எப்படி மாறியது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. முன்பு, பாதுகாக்கப்பட்ட பறவைகளின் பெயர்கள் அட்டவணையில் இருந்தன. பெயர் இல்லாத பறவைக்குப் பாதுகாப்பு இல்லை. 1993ஆம் ஆண்டுத் திருத்தம் இதை அப்படியே தலைகீழாக்கியது. இப்போது எல்லாப் பறவைக்கும் பாதுகாப்பு உண்டு, அட்டவணையில் பெயர் குறித்து விலக்கப்பட்ட மிகச் சில பறவைகளைத் தவிர. ஆகவே "இந்தத் தாராவின் பெயர் சட்டத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று அதிகாரியிடம் வாதாடிப் பயனில்லை. பெயர் இல்லாததால்தான் அது பாதுகாக்கப்பட்டது. காட்டுத்தாரா, உள்ளான், கௌதாரி, காட்டுக்கோழி, நாரை, பூநாரை எல்லாம் இந்தப் பாதுகாப்புக்குள் வருகின்றன. 2009இல் வந்த திருத்தம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியது. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. துவக்கு, வலை, ஏற்றிப்போன வாகனம் என்று குற்றத்துக்குப் பாவித்தவை பறிபோகவும் கூடும்.

சுடுவது மட்டும்தான் குற்றம் என்றில்லை. கண்ணி வைத்துப் பிடிப்பது, காயப்படுத்துவது, கூட்டைக் கலைப்பது, முட்டை எடுப்பது, இறைச்சியை விற்பது, வைத்திருப்பது எல்லாமே அதே வலைக்குள் விழும். "நான் சுடவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து தந்தார்" என்று சொல்லி குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் பொதியை விளக்க முடியாது. விருந்துக்கு வந்த பிள்ளைக்குக் காட்டு இறைச்சி சமைத்துப் போட வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், அந்த ஆசையையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல், இடம். கட்டுக்கரைக்குளம் 1954ஆம் ஆண்டு முதல் பிரகடனப்படுத்தப்பட்ட சரணாலயம். சரணாலயம் என்றால் மனிதர் நடமாடக்கூடாது என்று அர்த்தமில்லை. தனியார் காணிகூட அதற்குள் இருக்கலாம், நீங்கள் வழமைபோல வயலுக்குப் போய்வரலாம். ஆனால் அதற்குள் துவக்கோடு பறவைக்குக் குறிவைத்தால், பறவைக்கான குற்றத்தோடு சரணாலயத்துக்கான குற்றமும் சேரும். "அப்படியென்றால் வேறு குளத்துக்குப் போகிறோம்" என்று மருமகன் கேட்கக்கூடும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வங்காலை 2008 முதல் சரணாலயம், 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் சரணாலயம். 1938இலேயே சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாகிவிட்டது. வன்னியில் தாரா திரளும் பெரிய நீர்நிலைகள் ஒவ்வொன்றாக இப்படிப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டன. பெயர் தெரியாத சின்னக் குளமாக இருந்தாலும் தாராவுக்கான சட்டம் அதேதான்.

இனி உங்கள் துவக்கு. லைசன்ஸை எடுத்து வெளிச்சத்தில் வைத்து ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கும், துவக்கின் இலக்கம் இருக்கும், எதற்காகத் தரப்பட்டது என்பது இருக்கும். அந்த மூன்றும் சேர்ந்ததுதான் லைசன்ஸ். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது உங்கள் ஒருவருக்கு மட்டும் கொடுக்கப்பட்ட அனுமதி. மருமகன் இரத்த உறவு என்பதாலோ, கனடாவில் பயிற்சி பெற்றவர் என்பதாலோ அது அவருக்குப் போய்ச் சேராது. நீங்கள் பக்கத்தில் நின்று "ஒரு வெடி வைத்துப் பார்" என்று கையில் கொடுத்தாலும் அவர் லைசன்ஸ் இல்லாமல் துவக்கு வைத்திருந்தவர், நீங்கள் அதைக் கைமாற்றியவர். இரண்டு பேருக்கும் வழக்கு. அதோடு பயிருக்குத் தந்த துவக்கை வேட்டைக்குப் பாவித்தார் என்று அறிக்கை போனால் அடுத்த வருடம் புதுப்பித்தல் கிடைக்காது. யானையும் பன்றியும் இறங்கும் இடத்தில் வயல் செய்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லைசன்ஸ் துவக்கு வேண்டாம், யாரிடமாவது இடியன் வாங்கித் தருகிறோம் என்று ஊர்ப் பொடியன்கள் சொன்னால், அந்தப் பேச்சு நடக்கும் முற்றத்தில்கூட மருமகனை நிற்க விடாதீர்கள். லைசன்ஸ் இல்லாத உள்ளூர்த் துவக்கு நேரே சிறைக்குப் போகும் வழி. காற்றுத் துப்பாக்கி, கவண், வலை என்று கருவியை மாற்றினாலும் செத்த பறவைக்கான குற்றம் மாறாது.

மருமகனின் பக்க நியாயத்தையும் நான் மதிக்கிறேன். அவர் திருட்டு வேட்டைக்காரர் இல்லை. ஒன்ராறியோவில் தாரா சுடுவதென்றால் அவர் எத்தனை படி ஏறியிருப்பார் என்று பாருங்கள்: துவக்கு வைத்திருக்க மத்திய அரசின் லைசன்ஸ், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் பரீட்சையும், மாகாணத்தின் அட்டையும் சிறுவேட்டை லைசன்ஸும், அதற்கு மேலே வலசைப் பறவைகளுக்கென்று மத்திய அரசு தரும் தனி அனுமதி, அதில் ஒட்டிய வாழிடப் பாதுகாப்பு முத்திரை. ஈயச் சன்னம் பாவிக்க முடியாது. சொட்கனில் ஒரே நேரத்தில் மூன்று தோட்டாவுக்கு மேல் போட முடியாதபடி அடைப்பு வைக்க வேண்டும். தாரா ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் இல்லை, அதிலும் இனத்துக்கு இனம் கட்டுப்பாடு. இவ்வளவுக்கும் அடியில் இருப்பது 1916இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட வலசைப் பறவை உடன்படிக்கையும், அதை நடைமுறைப்படுத்தும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும்.

ஆனால் அந்த அனுமதி கனடாவின் வானத்துக்கு மட்டும்தான். அங்கே ஒவ்வொரு இனத்திலும் எத்தனை பறவை இருக்கிறது என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கை வைத்து சீசனையும் எண்ணிக்கையையும் தீர்மானிக்கிறார்கள். இலங்கைச் சட்டம் வேறு முடிவு எடுத்திருக்கிறது. எங்கள் குளத்துக்கு வரும் ஊசிவால் தாரா சைபீரியப் பக்கமிருந்து பல ஆயிரம் கிலோமீற்றர் பறந்து, ஐப்பசி கார்த்திகையில் மெலிந்துபோய் வந்து இறங்குகிறது. இங்கே தின்று உடம்பு தேற்றி, பங்குனி சித்திரையில் திரும்பிப் போய் அங்கேதான் முட்டையிடும். விடியற்காலையில் குளக்கட்டில் நின்று பார்த்திருப்பீர்கள்: தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே நீட்டி, நீர்ப்பூண்டை இழுத்துத் தின்றுகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஒரு வெடி வைத்தால் ஒன்று விழும், ஆயிரம் எழும்பும். சேர்த்துவைத்த பலத்தை எல்லாம் அவை அந்தப் பறப்பில் செலவழிக்கும். இந்தச் சட்டம் சரியென்றே நான் நினைக்கிறேன். மருமகனும் நல்ல வேட்டைக்காரர் என்றால் இதை எங்களைவிட விரைவாக விளங்கிக்கொள்வார்.

அவருக்கு வரக்கூடிய ஆபத்து உங்களுக்கு வருவதைவிடப் பெரியது என்பதையும் சொல்லுங்கள். பிடிபட்டால் நீதவான் முன் நிறுத்துவார்கள். பிணை கிடைத்தாலும் வழக்கு முடியும்வரை நாட்டை விட்டுப் போகத் தடை விதிக்கலாம், கடவுச்சீட்டை நீதிமன்றம் வாங்கி வைக்கலாம். மூன்று வார விடுமுறையில் வந்தவர் தவணைக்குத் தவணை மன்னார் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டி வரும். அங்கே வேலை காத்திருக்காது.

சரி, வயலுக்கு வரும் பறவைகள். உங்கள் கோபம் நியாயமானது. காலபோகத்துக்குக் கடன் பட்டு வாங்கிய விதைநெல்லை இரவோடிரவாகத் தின்றுவிட்டுப் போனால் யாருக்கும் வயிறு எரியும். ஆனாலும் பயிர்த் துவக்கு லைசன்ஸ், பாதுகாக்கப்பட்ட பறவையைக் கொல்லத் தந்த அனுமதி ஆகாது. பறவைகளை வெருட்டுவது குற்றமில்லை. தகரப்பேணியைக் கயிற்றில் கோத்து வரம்பிலிருந்து இழுப்பது, மினுங்கும் நாடா கட்டுவது, விதைத்த முதல் பத்து நாளும் விடியலிலும் அந்தியிலும் ஆள் நிற்பது, பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒரே நேரத்தில் விதைப்பது ஆகியவற்றில் எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நெல்லில் நஞ்சு கலந்து தூவுவதை மட்டும் நினைத்தும் பார்க்காதீர்கள். பறவையோடு அது நிற்காது. ஆடு மாடு தின்னும், செத்த பறவையைப் பொறுக்கிக்கொண்டு போய்ச் சமைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளையும் தின்னும்.

பன்றிக்கு ஒரு சட்டம், குரங்குக்கு ஒரு சட்டம், மயிலுக்கு ஒரு சட்டம் என்று அமைச்சர்மார் மேடையில் சொல்வது அடிக்கடி செய்தியில் வரும். செய்தியை நம்பித் துவக்கைத் தூக்காதீர்கள். வர்த்தமானியில் வராத எந்த அறிவிப்பும் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது. கிராம அலுவலர் மூலமோ நேரடியாகவோ வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி, அந்தக் கடிதத்துக்குத் தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. எப்போதாவது வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தாலும் இதையே நினைவில் வையுங்கள். விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கொடுத்த காசுக்கு வருகிறேன். அது அரசாங்கக் கட்டணம் என்று அவர் சொல்லி வாங்கியிருந்தால் நீங்கள் ஏமாற்றப்பட்டவர். தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவின்படி பொலிசில் முறையிடலாம். "உள்ளே ஒருவருக்குக் கொடுக்க வேண்டும்" என்று சொல்லி வாங்கியிருந்தால் விஷயம் வேறு. இலஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். அப்படியென்றால் முறைப்பாடு எழுதுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போகலாம். எதுவானாலும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் குரல்பதிவுகளையும் அழிக்காதீர்கள். முத்திரை குத்திய கடதாசி ஒன்றைக் கொண்டுவந்து தந்தால் அதைப் பாவிக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். போலி என்று தெரிந்துகொண்டு ஆவணத்தைப் பாவித்தால் குற்றம் உங்கள் தலைக்கு மாறும்.

மருமகனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது என்று எனக்குத் தெரியும். நல்ல கமராவும் தூரநோக்கியும் கொண்டுவரச் சொல்லுங்கள். மார்கழி விடியலில் வங்காலைப் பக்கம் கூட்டிப் போனால், அவர் அங்கே சேற்றுக்குள் ஒளிந்திருந்து காத்துக்கிடந்த பறவைகளின் உறவுக்காரர்களை இங்கே சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று, இன்றைக்கே அவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியது. வேட்டைக்குப் பாவிக்கும் பையையோ ஜக்கெட்டையோ பயணத்துக்கு எடுத்து வர வேண்டாம். எடுக்கத்தான் வேண்டுமென்றால் எல்லாப் பொக்கெட்டையும் வெளியே இழுத்து உதறிப் பார்க்கச் சொல்லுங்கள். சீசன் முடிந்து மறந்துபோன ஒரு தோட்டா, வெடித்த வெறுங்கோதுகூட, கட்டுநாயக்காவில் ஸ்கேன் இயந்திரத்தில் தெரிந்தால், குளத்தைப் பார்க்கும் முன்பே அவர் விசாரணைக்கு உட்கார வேண்டி வரும்.