மகளின் கவுன் பேட்டர்னில் அம்மாவுக்கும் தைக்கலாமா? பனியன் துணி பற்றிய கேள்வி பதில்

ஹட்டன்: மகளின் 12 வயது அளவுப் பேட்டர்ன் (துணி வெட்டும் காகித அச்சு) என்னிடம் இருக்கிறது. அதே கவுன் பனியன் துணியில் எனக்கும் வேண்டும். பக்கங்களில் மட்டும் கூட்டி வெட்டினால் போதுமா அக்கா?

போதாது தங்கச்சி. பக்கத்தில் மட்டும் கூட்டினால் அகலம் வரும், உடம்பின் வடிவம் வராது. சிறுமிக்கு மார்பும் இடுப்பும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. உங்களுக்கு அப்படியில்லை. பேட்டர்னிலிருந்து கழுத்தின் அமைப்பையும் பாவாடையின் விரிவையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்புப் பகுதிக்கு, உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் ரீ-சேட் ஒன்றை மடித்துப் பேட்டர்ன்மேல் வையுங்கள். தோள் எவ்வளவு வெளியே வருகிறது, கைக்குழி எவ்வளவு கீழே இறங்குகிறது, இடுப்பு எங்கே விழுகிறது என்பதெல்லாம் உடனே தெரிந்துவிடும். ரீ-சேட்டும் நீங்கள் வாங்கிய துணியும் ஒரே அளவு இழுபட வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஒப்பீடு பொய் சொல்லும்.

நீளத்தைக் கீழ் விளிம்பில் மட்டும் கூட்டாதீர்கள். கைக்குழி மட்டத்தில் கொஞ்சம், அதற்கும் இடுப்புக்கும் இடையில் கொஞ்சம், மிச்சத்தைப் பாவாடையில் எனப் பிரித்துக் கூட்டுங்கள். வெட்டும் முன் துணியை அலசிக் காயவையுங்கள். பருத்திப் பனியன் துணி முதல் அலசலிலேயே சுருங்கும், அதுவும் நீளவாக்கில்தான் அதிகம்.

பண்டாரவளை: துணி போதுமான அளவு இழுபடுமா என்று கடையிலேயே பார்க்க முடியுமா?

முடியும். அகலவாக்கில் 10 சென்ரிமீற்றரைப் பிடித்து இழுங்கள். சிரமமில்லாமல் 15 வரை வந்தால் அது 50 வீத இழுவை, உடலை ஒட்டிய கவுனுக்கு நல்லது. 12ஐத் தாண்டவில்லையென்றால் தளர்வான கவுன்தான் தைக்கலாம். கையை விட்டதும் துணி பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். திரும்பாத துணி முழங்காலிலும் பின்புறத்திலும் தொங்கிவிடும். அதிகமாக இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வரும்படி வெட்ட வேண்டும்.

நுவரெலியா: இந்தக் குளிருக்கு எந்தத் துணி?

இன்டர்லொக் என்ற இரட்டைப் பின்னல் பனியன் துணி. சாதாரண பனியன் துணியான ஜேர்சியைவிடத் தடிப்பானது, ஓரம் சுருளாது. அலசிய பிறகு வெட்டுங்கள்.

மஸ்கெலியா: நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். அங்கே ஒரு அளவிலிருந்து அடுத்த அளவுக்குக் கணக்குப் போட்டுத்தான் பெருப்பிப்பார்கள். பேட்டர்னை 125 வீதத்தில் போட்டோ கொப்பி எடுத்தால் வேலை முடிந்ததே? நீங்கள் வீணாகக் கஷ்டப்படுத்துகிறீர்கள்.

தொழிற்சாலைக் கணக்கு சரியானதுதான். ஆனால் அங்கே எல்லாப் பக்கமும் ஒரே வீதத்தில் பெருக்குவதில்லை. மார்புக்கு ஒரு கூட்டல், தோளுக்கு அதைவிடச் சிறிய கூட்டல், கழுத்துக்கு இன்னும் சிறியது. சிறுவர் அளவு அட்டவணை வேறு, பெண்கள் அட்டவணை வேறு. ஒன்றை நீட்டி மற்றதாக்க மாட்டார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பேட்டர்னின் மார்பு 72 சென்ரிமீற்றர், உங்களுக்கு வேண்டியது 90. நீங்கள் சொல்லும் 125 வீதம்தான். தோள் 11 என்றால் 13.75 ஆகும், உங்கள் தோள் 12.5 என்றால் கைத்தையல் தோளை விட்டு இறங்கிவிடும். பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை 34 என்றால் 42.5 வரும், உங்களுக்கு 40 போதும் என்றால் இடுப்புத் தையல் இடுப்புக்குக் கீழே நிற்கும். முக்கியமானது, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவில் வளர்வதால் மார்புக்கு இடம் கிடைக்காது. முன்பக்கம் மேலே தூக்கி நிற்கும்.

மஸ்கெலியா, மீண்டும்: பனியன் துணிதானே, இழுபட்டு இடம் கொடுத்துவிடாதா?

கொஞ்சம் கொடுக்கும். மார்பு சிறியதானால் அதுவே போதும், அங்கே உங்கள் பேச்சை ஏற்கிறேன். பெரியதானால் அக்குளிலிருந்து குறுக்குச் சுருக்கங்கள் விழும். அதற்கு டாட் (வடிவம் கொடுக்கத் துணியை மடித்துத் தைக்கும் கூர் மடிப்பு) தேவையில்லை. முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட 2 சென்ரிமீற்றர் நீளமாக வெட்டி, பக்கத் தையலில் மார்பு மட்டத்தில் அந்தக் கூடுதலை மெல்லச் சுருக்கிச் சேர்த்துத் தையுங்கள். கொப்பிக் கடைக்குக் கொடுக்கும் காசில் ஒரு பழைய துணி வாங்கி முதலில் தைத்துப் பாருங்கள்.

இராகலை: போட்டோ கொப்பியை 115 வீதத்தில் எடுத்தால்?

மேலே மஸ்கெலியாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். வீதம் மாறினாலும் விடை அதேதான்.

தலவாக்கலை: எங்கள் வீட்டில் அம்மாவின் பழைய மிதி மெஷின், நேர்த்தையல் மட்டும்தான். தையல் அறுந்துவிடுகிறது.

அந்த மெஷினிலும் தைக்கலாம். பருத்தி நூலை விட்டுப் பொலியெஸ்டர் நூல் போடுங்கள். உருண்டை முனை ஊசி கேட்டு வாங்குங்கள். கூர்முனை ஊசி இழையை வெட்டி ஓட்டை போடும். தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் லேசாகப் பிடித்து இழுத்தபடி தைத்தால், உடுத்தி இழுபடும்போது நூல் தாங்கும். மெஷின் பாதத்தின் அழுத்தத்தையும் குறையுங்கள். தோள் தையலோடு இழுபடாத மெல்லிய நாடா ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் தோள் நீண்டு தொங்காது. பக்கத் தையலை மட்டும் ஓவர்லொக் (ஓரத்தைச் சுற்றித் தைக்கும் மெஷின்) வைத்திருப்பவரிடம் கொடுத்தாலும் நல்லது.

பதுளை: சேலை பிளவுஸுக்கும் இதே முறையா?

இல்லை, அது இழுபடாத துணி. பிளவுஸ் தைப்பவரிடம் கேளுங்கள்.

கொட்டகலை: துணியை அலசாமல் வெட்டிவிட்டேன். மழையில் காயாது என்று பயந்தேன். இப்போது அலசலாமா?

வெட்டிய துண்டுகளை அலசாதீர்கள், ஓரம் சுருண்டு வடிவம் போய்விடும். மிச்சத் துணியில் 20க்கு 20 சென்ரிமீற்றர் சதுரம் வெட்டி அலசி, காய்ந்ததும் அளந்து பாருங்கள். நீளத்தில் 1 சென்ரிமீற்றர் குறைந்தால், 100 சென்ரிமீற்றர் கவுனில் 5 குறையும். கீழ் விளிம்பை மடிக்காமல் தைத்து, முழுக் கவுனையும் அலசிக் காயவைத்து, உடுத்திப் பார்த்த பிறகு மடியுங்கள்.