நார்வே பண்ணை விடுதிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நார்வே என்றாலே ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்), வடதுருவ ஒளி என்று மட்டுமே வந்துகொண்டிருந்த கேள்விகள் இப்போது கொஞ்சம் மாறியிருக்கின்றன. பழைய பண்ணைகளைப் புதுப்பித்துச் சிறு விடுதிகளாக நடத்துகிறார்களே, அங்கே தங்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

பண்ணை விடுதி என்றால் மாட்டுத் தொழுவத்தில் படுக்கையா? அதற்கா இவ்வளவு வாடகை? (கோவை வாசகர்)

தொழுவமாக இருந்த இடத்தில் நீங்கள் சாப்பிட நேரலாம். வால்டால் பள்ளத்தாக்கில் உள்ள யூவெட் விடுதியில் பழைய தொழுவம்தான் இன்று சாப்பாட்டுக் கூடம்.

நார்வே மலைப்பண்ணையில் ஒரே பெரிய வீடு இருக்காது. நடுவில் முற்றம், சுற்றிலும் தனித்தனிக் கட்டடங்கள். குடும்பத்துக்கு ஒன்று, மாடுகளுக்கு ஒன்று, வைக்கோலுக்கு ஒன்று, அடுப்பெரிக்க ஒன்று. எல்லாமே மரக்கட்டடங்கள். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றவையாவது தப்பட்டும் என்றுதான் இப்படித் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள். பண்ணையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்ட பெற்றோருக்கென்று அதே முற்றத்தில் ஒரு சிறு வீடும் இருக்கும்.

இவற்றில் நீங்கள் நின்று பார்க்க வேண்டியது ஸ்டாபூர் என்கிற களஞ்சியம். தானியமும் உப்புக்கண்டமும் வைத்திருந்த இடம். கட்டடம் முழுவதும் குட்டைத் தூண்கள் மேல் நிற்கும். சில இடங்களில் தூணின் தலையில் தட்டையான கல்லைக் கவிழ்த்திருப்பார்கள், எலி ஏறினால் அதைத் தாண்ட முடியாது. வாசற்படியைக் கவனியுங்கள். அது கட்டடத்தைத் தொடாது, ஒரு தாண்டு தூரம் இடைவெளி விட்டே நிற்கும். அதுவும் எலிக்காகத்தான். கூரையில் புல் வளர்ந்திருந்தால், அதன் அடியில் பிர்ச் மரப்பட்டை அடுக்கடுக்காக இருக்கும். மழைநீரைத் தடுப்பது அந்தப் பட்டைதான். புல்லும் மண்ணும் அதை அழுத்திப் பிடித்து, குளிரையும் தடுக்கின்றன.

ஆகவே அறை பதியும்போது எந்தக் கட்டடம் என்று கட்டாயம் கேளுங்கள். களஞ்சிய அறை அழகு, ஆனால் சன்னல் சிறிது, கழிப்பறை வேறு கட்டடத்தில் இருக்கக்கூடும். வைக்கோல் களத்தை மாற்றிய அறைகள் பெரும்பாலும் விசாலமாக இருக்கும். குடும்ப வீட்டு அறையில் பழமையின் மணம் அதிகம், பக்கத்து அறைப் பேச்சும் கேட்கும்.

நான் விவசாயி. நல்ல பண்ணையை ஏன் விடுதியாக்குகிறார்கள்? மனசு கேட்கவில்லை. (தஞ்சாவூர் மாவட்டம்)

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பண்ணையைக் கைவிட்டதால் விடுதி வந்தது என்று நினைக்காதீர்கள். பல குடும்பங்கள் பண்ணையைக் காப்பாற்றத்தான் விடுதி நடத்துகின்றன.

நார்வேயின் மொத்தப் பரப்பில் பயிர்நிலம் சுமார் 3 சதவீதம்தான். மலைச்சரிவில் சிறு துண்டு நிலம், குறுகிய கோடை. அதை வைத்து ஒரு குடும்பம் பிழைப்பது கடினம். இன்னொரு பக்கம் ஓடெல் என்கிற பரம்பரை உரிமை. 1814 அரசியல் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. பண்ணை துண்டாகாமல் ஒரே பிள்ளைக்குப் போகும், மூத்தவருக்கே முதல் உரிமை. 1974ஆம் ஆண்டுச் சட்டம் மகள்களுக்கும் அதைச் சமமாக்கியது. பெரிய பண்ணை கிடைத்தவர் குறிப்பிட்ட காலம் அங்கேயே குடியிருக்கவும் வேண்டும். விற்கவும் மனமில்லை, விளைச்சலும் போதவில்லை என்ற நிலையில் விருந்தினர் தரும் பணம் கூரையை மாற்ற உதவுகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை வீண் போகாது என்பது என் உறுதியான கருத்து.

அம்மா சுத்த சைவம், முட்டையும் கூடாது. பட்டினி கிடக்க வேண்டியதுதானா? (மதுரை)

இல்லை. ஆனால் பதியும்போதே எழுதிவிட வேண்டும், போய்ச் சேர்ந்து சொன்னால் போதாது. இந்த விடுதிகளில் இரவு உணவு பெரும்பாலும் ஒரே நேரத்தில், எல்லாருக்கும் ஒரே வகையாகப் பரிமாறப்படும். சமைப்பவர் ஒருவரோ இருவரோதான். அருகில் வேறு உணவகம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை என்றால் மளிகைக் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும்.

'சைவம்' என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், மீன் வேகவைத்த நீரில் செய்த சூப்பும் வேண்டாம், பால், தயிர், வெண்ணெய் சரி என்று வரிசையாக எழுதுங்கள். காலைச் சாப்பாட்டில் கவலையில்லை. ரொட்டி, அப்பளம் போல் நொறுங்கும் ஃபிளாட்பிரெட், வெண்ணெய், பழப்பாகு, தயிர் எல்லாம் இருக்கும். புரூனோஸ்ட் என்னும் பழுப்புநிறக் கட்டி, பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது. இனிப்பாக இருக்கும், நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைச் சேர்ப்பது உண்டு. அம்மா அந்த அளவுக்குக் கண்டிப்பானவர் என்றால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். தென்நார்வேயின் வால்ட்ரெஸ் பள்ளத்தாக்குப் பக்கம் இலையுதிர் காலத்தில் போனால் ராக்ஃபிஸ்க் என்னும் புளிக்கவைத்த மீனின் வாடையும் வரலாம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார், முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா? (ஓஸ்லோவிலிருந்து ஒரு வாசகி)

தாராளமாக. ஆனால் தரைத்தள அறை கிடைத்தால் மட்டும். பழைய மரவீடுகளில் மாடிப்படி ஏணி போல் செங்குத்தாக இருக்கும், நிலைப்படி உயரம், கதவு தாழ்வு. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் லிஃப்ட் வைப்பது எளிதல்ல. உள்ளே செருப்பைக் கழற்றும் வழக்கம் அங்கேயும் பரவலாக உண்டு, அதனால் வழுக்காத கம்பளிக் காலுறை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் புல்வெளியில் ஓடி விளையாடலாமா? ஆட்டுக்குட்டிகளைப் பார்க்க எப்போது போகலாம்? (சென்னை)

நார்வேயில் யாருடைய காட்டிலும் மலையிலும் எவரும் நடக்கலாம். 1957ஆம் ஆண்டுச் சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் அது உழுத, விதைத்த, வேலிகட்டிய நிலத்துக்குப் பொருந்தாது. நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். பச்சைப்பசேல் என்று கிடக்கும் அந்தப் புல்தான் அங்கே பயிர். குளிர்காலம் முழுக்க ஆடுமாடுகளுக்கு அதுதான் தீனி. படம் எடுப்பதற்காக அதற்குள் இறங்கி மிதித்தால், நெல் வயலில் இறங்கி ஆடிய கதைதான். அறுவடைக்குப் பின் கேட்டுவிட்டுப் போங்கள். படலைத் திறந்தால் திரும்ப மூடுங்கள்.

குட்டிகள் பிறப்பது ஏப்ரல், மே மாதங்களில். ஜூலையில் போனால் தொழுவம் காலியாக இருக்கும், ஆடுகள் எல்லாம் மலைமேய்ச்சலில். செப்டம்பரில்தான் ஓட்டி வருவார்கள். 'எங்கள் பண்ணையில் ஆடுகள் உண்டு' என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டுக் கோடை விடுமுறையில் போகும் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள்.

கார் ஓட்டத் தெரியாது. (திருச்சி)

அப்படியானால் குட்பிரான்ஸ்டாலென் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள். ஓஸ்லோ - டிரோன்ட்ஹெய்ம் ரயில் அதன் வழியே போகிறது. இறங்கும் நிலையத்துக்கு வந்து அழைத்துப்போக முடியுமா என்று விடுதிக்காரரிடம் கேளுங்கள். வால்ட்ரெஸுக்குப் பயணி ரயில் 1988லேயே நின்றுவிட்டது, ஓஸ்லோவிலிருந்து பேருந்து உண்டு.

வடதுருவ ஒளியும் பண்ணையும் ஒரே பயணத்தில் கிடைக்குமா? (பெங்களூரு)

தென்நார்வே பண்ணைகளில் அதை நம்பிப் போக வேண்டாம். அதற்கு வடக்கே உள்ள டிரோம்சோ நகரத்துப் பக்கம் போக வேண்டும்.

ஒரு ராத்திரி போதுமா? வழியும் சொல்லுங்கள். (சேலம்)

போதாது. மாலையில் வந்து, சாப்பிட்டுத் தூங்கி, காலையில் கிளம்பினால் முற்றத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓர் இடத்தில் இரண்டு ராத்திரியாவது வையுங்கள்.

கார் இருந்தால் கோடையில் நான் சொல்லும் வழி இது. ஓஸ்லோவிலிருந்து வால்ட்ரெஸில் உள்ள ஃபாகர்நெஸ் ஊர் சுமார் மூன்று மணி நேரம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பண்ணையில் தங்கி, ஹெக்கே மரத் தேவாலயத்தைப் பாருங்கள். பிறகு 51ஆம் எண் சாலையில் 1389 மீட்டர் உயரம் வரை ஏறும் வால்ட்ரெஸ்ஃப்ளை என்ற மலைமேட்டைக் கடந்து லோம் ஊருக்குப் போங்கள். லோமுக்கு அப்பால் 1858 முதல் வழிப்போக்கர்களுக்கு இடம் தரும் ரோய்ஸ்ஹெய்ம் விடுதி, பழைய மரவீடுகளின் கூட்டம். அங்கிருந்து 55ஆம் எண் சாலை மலையைத் தாண்டி ஃபியோர்டுக்கு இறங்கும். சோல்வோர்ன் ஊரில் வாலாக்கர் விடுதியை 1690 முதல் ஒரே குடும்பம் நடத்துகிறது. எதிர்க்கரையில் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள உர்னெஸ் தேவாலயம், படகில் போய் வரலாம். இரண்டு மலைச்சாலைகளும் குளிர்காலத்தில் மூடப்படும், மே மாதத்திலும் பனி கிடக்கும். அதனால் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை தேதி பாருங்கள். அறைகள் குறைவு, பல மாதங்களுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.