முறுக்கு ரீல்ஸ் 300 பேரைத் தாண்டவில்லையா?
வணக்கம் சகோதரி. சிங்கப்பூர் யீஷூன் வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறீர்கள், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் 300 பார்வையோடு நின்றுவிடுகிறது, காசு கட்டி பூஸ்ட் (விளம்பரம்) செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

முதல் நான்கு வினாடி லோகோ சுழல்கிறது என்கிறீர்கள்; அதற்குள் விரல் தள்ளிவிடும். மாவு எண்ணெயில் விழும் அந்தச் சத்தத்தோடு தொடங்குங்கள். பாட்டே வேண்டாம்.

புதியவர்களிடம் போய்ச் சேர, லைக்கைவிட ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவதே முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே 2025இல் சொன்னார். 'இதை அக்காவுக்கு அனுப்பணும்' என்று தோன்ற வேண்டும். உடைந்த முறுக்கு யாருக்கு என்று வீட்டில் நடக்கும் சண்டையை எடுங்களேன் (எங்கள் வீட்டில் ஜெயிப்பது அப்பா). லிட்டில் இந்தியா தேக்கா கூட்டத்தைக் காட்டும் தீபாவளி வீடியோக்கள் ஏற்கெனவே ஏராளம்.

அப்புறம், ஏதாவது ஒரு ரீல் காசு கட்டாமலே நன்றாக ஓடினால் அதற்கு மட்டும் பூஸ்ட் போடுங்கள்.