மூத்த மருமகளின் ஊர் எப்போது மாறியது?

வணக்கம். நானும் என் மாமியாரும் நாலு வருடமாக ஒரு நெடுந்தொடர் பார்க்கிறோம். அதில் கதாநாயகியின் ஓரகத்தி, அந்த வீட்டு மூத்த மருமகள், எங்கள் பாலக்கோட்டில் பிறந்தவள் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். தக்காளி மண்டிக்காரர் மகள். கணக்கில் கெட்டி, வாய் குறைவு. முதல் வருடம் முடிவதற்குள் சொத்துக்குச் சதி செய்பவளாகிவிட்டாள். அப்புறம் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருக்கும் கோமாளி. இப்போது எதற்கெடுத்தாலும் அழுகை. போன மாதம் அவள் பிறந்த வீடு பொள்ளாச்சி என்று வந்தது. நடிகை மாறவில்லை. டைட்டிலில் வசனம் எழுதுபவர் பெயர்தான் மூன்று முறை மாறியது. புதிதாக வருபவர்கள் பழைய எபிசோடைப் பார்க்கவே மாட்டார்களா? எங்கள் ஊர்ப் பெண் சீரியலில் வருவதே அபூர்வம், அதனால்தான் கேட்கிறேன்.

— ஒரு வாசகி, பாலக்கோடு

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை முழுக்க வசனம் எழுதுபவர் மீது இறக்க முடியாது.

டைட்டிலில் கதை, திரைக்கதை, வசனம் என்று தனித்தனியாகப் பெயர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வரப்போகும் வாரங்களின் ஒன்லைனை, அதாவது கதைச் சுருக்கத்தை, இயக்குநர், திரைக்கதை எழுதுபவர், சேனல் ஆட்கள் சேர்ந்து பேசி முடிக்கிறார்கள். அது சீன்களாகப் பிரிந்து வசனகர்த்தா கைக்கு வருகிறது. அரைமணி நேரத்தில் விளம்பரம் போக 22 நிமிடம் தேறும். வாரத்துக்கு ஐந்து ஆறு எபிசோட். அவருக்குக் கிடைக்கும் தாளில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்: "ஹால். மூத்தவள் மாமியாரிடம் நாயகியைப் பற்றிப் போட்டுக்கொடுக்கிறாள்." ஏன் போட்டுக்கொடுக்கிறாள் என்பது அதில் இருக்காது.

நாயகிக்கு இந்தச் சிக்கல் வராது. அவள் என்ன செய்வாள், என்ன செய்யமாட்டாள் என்பது அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், தவறினால் யாராவது தடுப்பார்கள். துணைப் பாத்திரத்தின் 'ஏன்' வசனகர்த்தாவின் மனதில் மட்டும் இருக்கிறது. அவர் விலகும்போது அதுவும் போய்விடுகிறது. அடுத்து வருபவரிடம் "மூத்தவ, கொஞ்சம் பேராசைக்காரி" என்று ஒரு வரியில் சொல்லி ஒப்படைக்கிறார்கள். அன்றைக்கே படப்பிடிப்புக்குப் பக்கங்கள் போயாக வேண்டிய நிலையில் அவர் கடைசி இரண்டு வார எபிசோடைப் பார்த்தாலே பெரிது. ஐந்நூறு எபிசோடை யார் பார்ப்பது?

மாமியார் அவளைத் திருடி என்று சொல்லும் ஒரு காட்சியை வைத்துப் பாருங்கள். உங்கள் முதல் வருடத்து மூத்தவள் இப்படித்தான் பேசியிருப்பாள்: "ராயக்கோட்டையில தக்காளி விலை இல்லாம ரோட்டுல கொட்டிட்டு வந்தப்பவே எங்கப்பா அழல. இதுக்கு நான் அழுவேனா அத்த? நோட்ட எடுங்க, கணக்குப் பாத்துடலாம்." ஊர், அப்பா, கணக்கு, கண்ணீரை அடக்கும் பழக்கம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. சதிகாரியாக எழுதுபவர் "இந்த வீட்டுச் சாவி என் இடுப்புக்கு வர்ற வரைக்கும் ஓயமாட்டேன்" என்று தனியாக நின்று பேச வைப்பார். இந்த வரியை எந்தத் தொடரில் எந்த மருமகளுக்குக் கொடுத்தாலும் பொருந்தும். அவள் கெட்டவளானதைவிட, யாராக வேண்டுமானாலும் இருக்கக்கூடியவளானதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

அவள் சதிகாரி ஆனதற்குப் பெரும்பாலும் ஒரு காலியிடம் காரணமாக இருக்கும். அந்தச் சமயத்தில் தொடரில் வில்லியாக இருந்தவர் ஜெயிலுக்குப் போனாரா, ஊரைவிட்டுப் போனாரா என்று யோசித்துப் பாருங்கள். வியாழக்கிழமை டிஆர்பி வரும்போது எண்ணிக்கை இறங்கியிருந்தால், புதுப் பாத்திரத்தை அறிமுகப்படுத்தி நிலைநிறுத்த நேரம் இருக்காது. வீட்டுக்குள்ளேயே இருக்கிற, கால்ஷீட் கைவசம் உள்ள ஒருவரைத் திருப்பிவிடுவார்கள். கணக்கில் கெட்டி என்ற குணத்தைச் சொத்தாசையாக மாற்றுவது சுலபம். இதை முடிவு செய்வது ஒன்லைன் கூட்டம். ஆனால் அதை எப்படி எழுதுவது என்பது வசனகர்த்தா கையில் இருக்கிறது. நல்ல கையாக இருந்தால், அப்பா கடன்பட்டதைப் பார்த்து வளர்ந்தவளின் பயமாக அந்த ஆசையை எழுதியிருப்பார், நீங்களும் அவளோடு சேர்ந்து பதறியிருப்பீர்கள்.

பொள்ளாச்சி விஷயம் இன்னும் எளிது. சென்னையில் உட்கார்ந்து எழுதுபவர் பலருக்கு மேற்கே உள்ளதெல்லாம் கோயம்புத்தூர். "ஏனுங்க" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அடுத்தவர் அதைக் கேட்டு ஊரைப் பொள்ளாச்சியாக்கிவிடுகிறார். உங்கள் ஊரை ஒட்டிய ராயக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் புழங்குவதும், அது அங்குள்ள தமிழில் படிந்திருப்பதும் அவர் காதில் விழுந்திருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். பெங்களூரிலிருந்து வரும் நடிகை என்றால் குரல் வேறொருவருடையதாக இருக்கலாம். டப்பிங் கலைஞர் மாறினாலும் முகம் அதேதான், ஆனால் பெண் வேறாகிவிடுவாள்.

நடிகர் மாறினால் பாத்திரம் செத்துவிடும் என்று பொதுவாக நினைக்கிறோம். 'எதிர்நீச்சல்' தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது, அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். முகமும் குரலும் உடல்மொழியும் வேறு, ரசிகர்கள் மாரிமுத்துவை மறக்கவும் இல்லை. ஆனாலும் இயக்குநர் திருச்செல்வமே தொடர்ந்ததால் அந்த மனிதர் எதற்குக் கொதிப்பார் என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. உங்கள் மூத்தவளுக்கு நடந்தது இதற்கு நேரெதிர்.

இங்கிலாந்தில் 1960 டிசம்பரில் தொடங்கிய 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடர் இன்னும் ஓடுகிறது. எத்தனையோ எழுத்தாளர்கள் மாறிவிட்டார்கள். யாருக்கு யார் என்ன உறவு, யாருக்கு எப்போது கல்யாணம் நடந்தது என்று எழுதுபவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆவணப் பொறுப்பாளர் ஒருவரையே அங்கே தனியாக வைத்திருந்தார்கள். நம் தொடர்களுக்கு ஆள்கூட வேண்டாம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு போதும். பிறந்த ஊர், யாரை எப்படிக் கூப்பிடுவாள், எந்த ரகசியம் அவளுக்குத் தெரியும், எது தெரியாது, எந்த வார்த்தை அவள் வாயில் வரவே வராது. எழுத்தாளர் மாறும்போது முதலில் உடைவது இவைதான். அதிலும் உறவுமுறை. நாயகி தன் ஓரகத்தியை இரண்டு வருடம் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டுத் திடீரென "அண்ணி" என்றால், புதுக் கை வந்துவிட்டது என்று அர்த்தம். டைட்டிலில் பெயர் மாறிய நாளை மட்டும் நம்ப வேண்டாம். முன்கூட்டி எடுத்து வைத்த எபிசோடுகள் இருப்பதால் பேச்சு சில நாள் முன்பின்னாக மாறும்.

கோமாளியாக்கியவர் மேல் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். எல்லோராலும் வெறுக்கப்படும் சதிகாரியை மறுபடி அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைக்கச் சிரிப்பைவிடக் குறுக்குவழி இல்லை. அவளைத் தொடரில் தக்கவைத்தவரே அவராகக்கூட இருக்கலாம்.

சேனலுக்கு எழுதுங்கள். "கெடுத்துவிட்டீர்கள்" என்று எழுதினால் யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பாலக்கோடு என்று சொன்ன எபிசோடின் தேதி, பொள்ளாச்சி என்று சொன்ன எபிசோடின் தேதி, இரண்டிலும் அவள் பேசிய வசனம், இவ்வளவு போதும். கூடவே, அவளுடைய அப்பா இப்போது மண்டியில் இருக்கிறாரா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒன்லைனுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி உதவும்.