தம்பி கதவைச் சாத்திக்கிட்டா...

கேள்வி: என் தம்பிக்கு 21 வயசு, காலேஜ் கடைசி வருஷம். ஹாட்ஜ்கின் லிம்போமான்னு ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ போடறாங்க, 12 தடவையில 4 முடிஞ்சுது. முடி கொட்டினதுலேர்ந்து ரூமை விட்டு வர்றதில்ல, அம்மா சாப்பாடு கொண்டுபோனா எரிஞ்சு விழறான். அவன்கிட்ட எப்படிப் பேசறது மேடம்?
- ஒரு அக்கா, திருச்சி

பதில்: அன்பு தங்கச்சிக்கு, அவன் வயசுல எனக்கும் இதே ஏபிவிடிங்கற நாலு மருந்து கீமோதான், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆறு மாசம். அதுல ஒரு செவப்பு மருந்து இருக்கு, அதை ஏத்தின அன்னிக்கு யூரினும் செவப்பாப் போகும், யாரும் முன்கூட்டி சொல்லாததால ரத்தம்னு நெனச்சு பாத்ரூம்லயே உக்காந்து அழுதேன். அப்புறம் அப்புறம் ஊசியே வேணாம், பஸ்ஸு ஆஸ்பத்திரி தெருவுல திரும்பினாலே வாந்தி வந்துரும், வீட்டுல தாளிக்கிற வாசனைக்கும் அப்படித்தான், வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரி இருக்கும். அதனால அவன் கோவம் அம்மா மேல இல்ல, அந்த வாசனை மேல. அப்பப்போ செஞ்சதை ஆவி அடங்கினப்புறம் கொஞ்சமா வெச்சுட்டு வந்துருங்க, பக்கத்துல நின்னு பாக்காதீங்க.

நெஜமா சொல்றேன், எனக்கு ரொம்ப வலிச்சது டாக்டர் ரூம்தான். தனியா பஸ் ஏறி ஊரு சுத்தினவ, நடுவுல உக்காந்திருக்கேன், என் ஒடம்பைப் பத்தி அப்பாகிட்ட பேசிட்டிருக்காங்க. அடுத்த தடவை போறப்ப பத்து நிமிஷம் அவனை டாக்டர்கிட்ட தனியா விட்டுட்டு நீங்கள்லாம் வெளிய வந்துருங்க. பின்னாடி குழந்தை பொறக்குமாங்கற கேள்வி அவன் தொண்டையில நிக்கலாம், அம்மா முன்னாடி எப்படிக் கேப்பான்? கீமோவுக்கு முன்னாடியே விந்தணுவைச் சேமிச்சு வெக்கலாம்னு யாராச்சும் அவன்கிட்ட சொன்னாங்களோ என்னமோ, இந்த மருந்துகள்ல பெரும்பாலானவங்களுக்கு மறுபடி சரியாயிடுதுங்கறதையாவது டாக்டர் வாயால அவன் கேக்கட்டும்.

பாக்க யார் வரலாம்னும் அவனே சொல்லட்டும். 'முடிதானே, வளந்துரும்'னு சொல்ற சொந்தக்காரங்களை மட்டும் வாசல்லயே நிறுத்திருங்க ப்ளீஸ். வளரும்தான், எனக்கு சுருட்டையா வளந்துச்சு, ஆனா தலகாணில கொத்துக் கொத்தா கெடக்கறப்ப முடிதானேன்னு தோணாது.

காய்ச்சல் விஷயத்துல மட்டும் அவன் இஷ்டத்துக்கு விடாதீங்க. 100.4 டிகிரி தொட்டா மாத்திரை போட்டு விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, வெள்ளை அணு கொறஞ்சிருக்கற நேரத்துல உயிருக்கே ஆபத்து, நடுராத்திரின்னாலும் கெளம்பிருங்க. வறட்டு இருமல், மூச்சு வாங்கறது இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட சொல்லணும், இந்தக் கீமோவுல ஒரு மருந்து நுரையீரலைப் பாதிக்கலாம்.

இன்னிக்கு கதவைத் தட்டி 'எப்படிடா இருக்க'ன்னு கேக்காதீங்க. 'கடைக்குப் போறேன், உனக்கு என்ன வேணும்'னு கேளுங்க. ஒண்ணும் வேணாம்னா சரின்னு போயிருங்க, நாளைக்கும் கேளுங்க.