ரப்பரை வெட்டிவிட்டு வனிலா நட்டால் ஏற்றுமதி செய்து சம்பாதிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் குமரி மாவட்டத்துக்காரர் என்றும், கையில் ஐம்பது அறுபது சென்ட் ரப்பர் விளை இருக்கிறது என்றும், குங்குமப்பூவுக்கு அடுத்தபடி விலை உயர்ந்த நறுமணப் பொருள் வனிலா என்று ஏதோ ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அது பொய்யில்லை. 2003-இல் எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

உலக வனிலாவில் பெரும்பகுதி மடகாஸ்கரில் விளைகிறது. 2000-ஆம் ஆண்டு ஹுடா புயல் அந்தத் தீவின் தோட்டங்களை அழித்த பிறகு விலை ஏறிக்கொண்டே போய், கேரளத்தில் பச்சைக் காய் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது. குலசேகரத்துக்கு அருகிலுள்ள எங்கள் விளையில், மீட்டருக்கு 100 ரூபாய் கொடுத்து 120 தண்டுகள் வாங்கி முருக்கு மரங்களில் ஏற்றிவிட்டேன். கொடி பூப்பதற்கு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது தெரிந்தே நட்டேன். அந்த மூன்று ஆண்டுகளில் விலை என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

வனிலாப் பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். நம் ஊரில் அதற்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சி கிடையாது. ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் 1841-இல் கண்டுபிடித்த கைமுறையைத்தான் இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து பால் வெட்டு நின்றிருக்கும், ஆள் எளிதாகக் கிடைக்கும் என்பது என் கணக்கு. ஆள் வந்தது, கை வரவில்லை; இரண்டே நாளில் பாதிப் பூக்களை ஒடித்துவிட்டார்கள். கடைசியில் அம்மாதான் ஈர்க்கில் ஒன்றைக் கூராகச் சீவி எடுத்துக்கொண்டு, பூவின் உள்ளே சூல்முடியை மறைத்திருக்கும் மெல்லிய மடலை அதனால் தூக்கி, பெருவிரலால் மகரந்தத்தை அதன்மேல் அழுத்திவிட்டுப் போவார்கள். ஒரு குலையில் நாளுக்கு ஓரிரு பூதான் விரியும் என்பதால், ஒரு மாதத்துக்கு மேல் தினமும் காலையில் இதே வேலை.

காய் முற்ற ஒன்பது மாதம் ஆகும். மாசியிலிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பாருங்கள், நம் ஊரில் அடைமழைக் காலத்தில் வந்து நிற்கும். 34 கிலோ கிடைத்தது. அதற்குள் மடகாஸ்கரில் விளைச்சல் மீண்டு, உணவு நிறுவனங்களும் ஆலையில் தயாராகும் செயற்கை வனிலினுக்கு (வனிலா வாசனை தரும் வேதிப்பொருள்) மாறிவிட்டதால், வியாபாரி கிலோவுக்கு 80 ரூபாய்தான் சொன்னார். 22 கிலோவைக் கொடுத்துவிட்டு, மீதியைப் பதப்படுத்தினால் நல்ல விலை கிடைக்கும் என்று வைத்துக்கொண்டேன். ஆறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோதான் தேறும். 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, பிறகு நாள்தோறும் சில மணி நேரம் வெயில் காட்ட வேண்டும். வெயில் எங்கே இருந்தது? நான்காம் நாள் கம்பளியைப் பிரித்தபோது, வாசனையோடு வெள்ளைப் பூஞ்சையும் இருந்தது. தேறியது அரைக் கிலோகூட இல்லை. அரைக் கிலோவை வாங்க எந்த ஏற்றுமதியாளர் குலசேகரம் வரப்போகிறார்?

2017 மார்ச்சில் எனாவோ புயல் மடகாஸ்கரைத் தாக்கி மீண்டும் விலை ஏறியது. எங்களிடம் மிஞ்சியிருந்த பத்துக் கொடிகளில் அந்த ஆண்டு அம்மா பூ தொட்டு வைத்திருந்த காய்கள், பறிக்க ஒரு வாரம் இருக்கும்போது, நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் முறிந்த ரப்பர் மரங்களுக்கு அடியில் போயின.

விவசாயிகளைப் பயமுறுத்துகிறேன் என்று சிலர் பின்னூட்டமிடக்கூடும். பொள்ளாச்சிப் பக்கத்திலும் கேரளத்திலும் வனிலாவில் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். தென்னைக்கும் பாக்குக்கும் இடையில் ஊடுபயிராக வைத்து, தாங்களே பதப்படுத்தி, வாங்குபவரையும் முன்பே பிடித்து வைத்திருப்பவர்கள் அவர்கள். நீங்களும் வேண்டுமானால் பத்துக் கொடி வைத்துப் பாருங்கள், அதற்காக ரப்பரை வெட்டாதீர்கள். மடகாஸ்கர் அரசே 2020-இல் கிலோவுக்கு 250 டாலர் என்று ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச விலை வைத்து, 2023-இல் அதைக் கைவிட்டது; விலை மறுபடி சரிந்தது.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் வனிலாவில் உண்மையாகவே லாபம் பார்த்தவர் எனக்குத் தண்டு விற்றவர் ஒருவர்தான். அவர் இப்போது டிராகன் பழக் கன்று விற்கிறார். உங்களுக்கு இந்த யோசனையைச் சொன்னவர் காய் விற்கிறாரா, கன்று விற்கிறாரா?