தோல் ஏற்றுமதி: ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் விதி சரக்கைத் தடுக்குமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் சின்ன டேனரி நடத்துகிறேன். ஷூ மேல்தோலை பிரிட்டனுக்கு அனுப்ப ஆசை. புது ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழல் அத்தியாயம் இருக்கிறதாமே, அதைக் காட்டி சரக்கைத் திருப்பிவிடுவார்களா?

பதில்: மாட்டார்கள். 2025 ஜூலை 24இல் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் ஒப்பந்தத்தில் அந்த அத்தியாயம் இரு அரசுகளும் தந்துகொண்ட உறுதிமொழி. தகராறு வந்தால் தீர்க்கும் நடைமுறைக்குள்கூட அதைச் சேர்க்கவில்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது பிரிட்டனின் ரசாயனச் சட்டத்துக்கு. காலில் படும் தோலில் 'குரோமியம் ஆறு' என்ற நச்சு வகை, ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே விற்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல் இதே வரம்புதான். சுங்கவரி பூஜ்யமானாலும் இது தளராது.

'நாங்கள் பதனிட டிரம்மில் போடுவது குரோமியம் மூன்று என்ற வேறு வகைதானே?' என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் அது அப்புறம் குரோமியம் ஆறாக மாறும். தோலின் அமிலத்தை நியூட்ரலைஸ் செய்யும்போது பிஎச் ஏறினால் மாறும். தோலை மென்மையாக்கப் போடும் மீன் எண்ணெய் கலந்த ஃபேட் லிக்கர், கன்டெய்னர் சூடு, வறண்ட காற்று எல்லாம் அதற்குத் துணைபோகும். இங்கே பாஸான தோல் அங்கே ஃபெயிலாவது இப்படித்தான். ரீடேனிங்கில், அதாவது மறுபடி பதனிடும்போது, வாட்டில், தாரா போன்ற தாவரச் சாறு சேருங்கள். தோலை 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்த பிறகு எடுக்கும் டெஸ்டையும் கேட்டு வாங்குங்கள். இதற்குச் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

ஒன்று எனக்கு உறுத்துகிறது. அந்த 3 மில்லிகிராம் வரம்பு ஷூவைப் பார்க்கிறது, பாலாற்றைப் பார்ப்பதில்லை. கழிவுநீரைப் பிடிப்பது நம் சட்டம்தான். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் டேனரிக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடி அழுத்திச் சொன்னது. வளரும் நாடுகளின் ஏற்றுமதியை ஆராய்ந்தவர்களும் இதையொட்டித்தான் சொல்கிறார்கள்: வர்த்தக ஒப்பந்தங்களில் சுற்றுச்சூழல் விதிகள் கூடும்போது மாசு மிகுந்த ஏற்றுமதி குறைகிறது, உள்நாட்டுச் சட்டம் கடுமையாக உள்ள நாடுகளில் இன்னும் தெளிவாக.

ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீர் போகும் கணக்கு இரண்டையும் கையில் வைத்திருங்கள். பெரிய பையர்கள் முதலில் கேட்பது இதைத்தான். விலை பேசும் முன்பே அவர்களின் தடைப் பொருள் பட்டியலையும் வாங்கிவிடுங்கள். அதில் குரோமியம் ஆறோடு அசோ சாயங்களும், பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் பென்டாகுளோரோபீனாலும் இருக்கும்.